வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர்

பெர்த் நகரில் ஒரு வீட்டுக் கதவு எண்ணின் கடைசி இலக்கம் தெரிந்தால் போதும். அந்த வீட்டுத் தோட்டத்தில் தெளிப்பான் எந்தெந்தக் கிழமைகளில் ஓடும் என்று சொல்லிவிடலாம். 2001-இல் வந்த ஏற்பாடு இது. குழாய்த் தண்ணீர் என்றால் வாரத்துக்கு இரண்டே நாள். அதுவும் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போதான். குளிர்கால மழை பெய்யும் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தெளிப்பானைத் திறக்கவே கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் 1970-களின் நடுவிலிருந்தே மழை குறைந்து வருகிறது. மழை குறைந்ததைவிட வேகமாக அணைகளின் நீர்வரத்து குறைந்தது. காய்ந்து கிடக்கும் மண் முதல் மழைகளைத் தானே குடித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் ஓடைக்கு விடுகிறது. 2006-இல் க்வினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்த பிறகும் இந்தக் கிழமைக் கணக்கு நீங்கவில்லை.

கிழக்கு மாநிலங்களில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. 1990-களின் இறுதியில் தொடங்கி 2009 வரை நீண்ட வறட்சியை ஆஸ்திரேலியர்கள் ஆயிரமாண்டு வறட்சி என்கிறார்கள். பிரிஸ்பேன் வட்டார அணைகள் 2007 ஆகஸ்டில் 17 விழுக்காட்டுக்கும் கீழே போயின. மெல்பர்னில் அதே ஆண்டு புல்வெளிக்குத் தண்ணீர் விடுவதே தடையில் இருந்தது. 2009 ஜூனில் அந்நகர அணைகளில் இருந்தது கொள்ளளவில் 26 விழுக்காடுகூட இல்லை. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து ரோஜாச் செடிக்கு ஊற்றியவர்கள் புல்லைக் காயவிட்டார்கள்.

வீட்டுப் புல்லுக்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர். பெர்த்தில் ஒரு முறை பாய்ச்சலுக்குச் சொல்லப்படும் அளவு 10 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு அது 1,000 லிட்டர்; வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் 2,000 லிட்டர். மெல்பர்னில் வறட்சியின்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். அப்படியென்றால் ஒரே ஒரு பாய்ச்சல், ஆறு பேரின் ஒரு நாள் பங்கை விழுங்கிவிடும். இவ்வளவு தண்ணீரை ஒரு புல்லுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், அதில் ஒரு சொட்டும் களைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் குறைந்த கோடையில் வீட்டுக்காரர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். புல் பழுத்துவிட்டதே என்று உரம் போடுகிறார்கள். அதன் நடுவில் பச்சையாக நிற்கும் களைமேல் மருந்து அடிக்கிறார்கள். இரண்டுமே அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை. உரமும் களைக்கொல்லியும் தண்ணீர் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் பொருட்கள். தண்ணீர்க் கட்டுப்பாட்டில் புல்வெளியைக் காப்பது என்பது பெரும்பாலும் இவ்விரண்டையும் எந்த மாதத்துக்கு நகர்த்துவது என்கிற கேள்விதான். அதற்கு முதலில் அந்தப் புல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெர்த்திலும் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் வீட்டு வாசல்களில் வளர்வது பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று கௌச், நம் ஊர் அருகம்புல்தான் அது. இரண்டாவது, கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்த கிக்குயு. மூன்றாவது, அகன்ற இலையுள்ள பஃபலோ புல். மூன்றுக்கும் ஒரு பொதுத் திறமை உண்டு. அதன் விவரம் வெளிவந்ததும் ஆஸ்திரேலியாவில்தான். பிரிஸ்பேனில் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஹால் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில் கரியமில வாயு எந்த வழியில் சர்க்கரையாகிறது என்று தேடினார்கள். நெல், கோதுமை முதலான தாவரங்களில் காற்றின் கரியமில வாயு முதலில் மூன்று கரிம அணுக்கள் கொண்ட பொருளாகிறது. கரும்பில் முதலில் உண்டாவது நான்கு கரிம அணுக்கள் கொண்ட அமிலம். ஹவாயிலும் சோவியத் நாட்டிலும் சிலர் இதை முன்பே கவனித்திருந்தார்கள். முழுப் பாதையையும் வரைந்துகாட்டியது 1966-இல் வந்த ஹேட்ச், ஸ்லாக் ஆய்வு. கரும்பைப் போன்ற தாவரங்களுக்கு சி-4 என்றும், நெல், கோதுமை வகைக்கு சி-3 என்றும் பெயர் வந்தது. நம் மூன்று புற்களும் சி-4 வகைதான்.

இதில் புல்வெளிக்கு என்ன லாபம்? கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு ஒரு குறை உண்டு. வெயில் ஏற ஏற, அது தவறி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அதனால் சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகும். அதை ஈடுகட்ட சாதாரணத் தாவரம் தன் இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்க வேண்டியிருக்கிறது. திறந்த துளை வழியே நீராவி வெளியேறுகிறது. சி-4 தாவரம் கரியமில வாயுவை நான்கு கரிம அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்களுக்குக் கொண்டுபோய் அங்கே செறிவாக வெளியிடுகிறது. ரூபிஸ்கோ தவறு செய்ய வாய்ப்பே குறைவு. துளைகளைச் சற்றே திறந்தாலும் போதும். ஒரு கிராம் உலர்பொருள் சேர்க்க சி-3 தாவரம் செலவிடும் நீரில் ஏறத்தாழ பாதியில் சி-4 தாவரம் அதே வேலையை முடித்துவிடுகிறது. மெல்பர்னில் ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்நாட்டு சி-3 புற்களே பரவலாக இருந்தன. வறட்சிக்குப் பிறகு பல நகராட்சிகள் விளையாட்டு மைதானங்களைத் தோண்டி கௌச்சுக்கும் கிக்குயுவுக்கும் மாற்றின. அந்தப் பத்தாண்டில் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன் தந்தவற்றில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

அடுத்தது, பழுப்பு நிறம். கௌச்சும் கிக்குயுவும் தண்ணீர் நின்றதும் மேலே உள்ள இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டுகளில் சேமித்த மாவுச்சத்தோடு உறங்கப் போகின்றன. காய்ந்த இடத்தில் விரலால் கிளறி, ஒரு மண்ணடித் தண்டை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, படக்கென்று முறிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி நாராகக் கிழிந்தால் போய்விட்டது. பஃபலோ புல்லுக்கு இந்த வசதி இல்லை. அதன் தண்டுகள் மண்ணின் மேலேயே ஓடுகின்றன. மேலே செத்தால் கீழிருந்து எழ எதுவும் இல்லை. ஆகவே வீட்டில் பஃபலோ வைத்திருப்பவர்கள் கிடைக்கிற தண்ணீரை முதலில் அதற்குத் தர வேண்டும், கௌச் காத்திருக்கும்.

உறங்கும் புல்லுக்கு உரம் போடுவதன் கேட்டை இப்போது பார்க்கலாம். கடையில் வாங்கும் பெரும்பாலான உரங்கள் உப்புகள். எலுமிச்சையை உப்பில் போட்டு வைத்தால் சாறு வெளியே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மண்ணில் விழுந்த உரமணி சிறிது ஈரத்தில் கரைந்ததும் தன்னைச் சுற்றியுள்ள வேரிலிருந்து அப்படித்தான் நீரை இழுக்கிறது. வட்டவட்டமாக வைக்கோல் நிறத்தில் கருகிய திட்டுகள் அதனால் வருபவை. யூரியாவில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அதைத் தூவிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால், மண்ணிலுள்ள நொதி அதை உடைக்க, தழைச்சத்தின் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். ஒருவேளை புல் உரத்தை எடுத்துக்கொண்டாலும் நல்லதற்கில்லை. தழைச்சத்து மிகுந்தால் புல் இலையை வளர்க்கும், வேரை வளர்க்காது. இலைப்பரப்பு கூடினால் ஆவியாகும் நீரும் கூடும். தண்ணீர் இல்லாத ஜனவரியில் நாம் விரும்புவதற்கு நேரெதிரானது இது.

ஆகவே பெர்த் மாதிரி கோடை வறண்டு குளிர்காலத்தில் மழை பெய்யும் ஊரில் உரத்துக்கு இரண்டு பருவங்களே சரியானவை. ஒன்று, குளிர் விலகி மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் செப்டம்பர், அக்டோபர். மற்றது, வெயில் தணிந்து, மண்ணில் இன்னும் சூடு இருக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல். இரண்டாவதே முக்கியம் என்பது என் கருத்து. கோடையில் அடிபட்ட புல் குளிருக்கு முன் தன் ஓட்டைகளை மூடிக்கொள்ள அந்த ஆறேழு வாரங்கள்தான் கிடைக்கின்றன. உரத்தை உங்கள் தண்ணீர் நாளுக்கு முந்தைய மாலையில் தூவுங்கள். மறுநாள் காலைப் பாய்ச்சல் அதைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கிவிடும். மேற்பூச்சு போட்ட, மெதுவாகக் கரையும் மணிகள் விலை கூடினாலும் இந்த நிலைமைக்கு ஏற்றவை. அளவு என்று பார்த்தால், அதிகம் விளையாடப்படாத வீட்டுப் புல்வெளிக்கு 100 சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒரு கிலோ தழைச்சத்து தாராளம். மூட்டையில் 20 விழுக்காடு தழைச்சத்து என்று போட்டிருந்தால் அது ஐந்து கிலோ உரம். அதையும் இவ்விரு பருவங்களுக்கும் பிரித்துப் போடலாம். வெட்டிய புல்லை வாரிக் குப்பையில் போடாமல் பொடியாக அங்கேயே விழவிட்டால், தேவையில் கால்பங்கு தழைச்சத்து அதிலேயே திரும்பிவிடும். விருந்தாளி வருகிறார், பச்சையாகத் தெரிந்தால் போதும் என்பவர்கள் தண்ணீர் நாளில் இரும்பு சல்ஃபேட்டை நீர்க்கக் கரைத்துத் தெளிக்கலாம். இலை வளராமல் நிறம் மட்டும் ஏறும். நடைபாதைக் கல்லில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

குளிர்கால மழையில் உரம் போடவே கூடாது. பெர்த் நிற்பது மணலின் மேல். போட்ட சத்து வேருக்கு நிற்காமல் மழையோடு இறங்கி நிலத்தடி நீருக்கும், அங்கிருந்து ஸ்வான் ஆற்றுக்கும் போகிறது. ஆற்றில் பாசி பெருகி மீன் செத்து மிதந்த அனுபவம் அந்த ஊருக்கு உண்டு. வீட்டுப் புல்வெளிக்கென்று மூட்டையில் விற்கும் உரத்தில் மணிச்சத்து 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மேற்கு ஆஸ்திரேலியா சட்டமே போட்டிருக்கிறது. நல்ல சட்டம். வளர்ந்துவிட்ட புல்வெளிக்கு மணிச்சத்து மிகக் கொஞ்சமே தேவை.

அந்த மணலுக்கு ஒரு வினோத குணம் இருக்கிறது. கோடைக்கு நடுவில் வேர்ப்பகுதி மணலை ஒரு கைப்பிடி எடுத்து, சமமாகப் பரப்பி, ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விடுங்கள். நல்ல மண்ணில் அது உடனே மறைந்துவிடும். இங்கே சொட்டு உருண்டையாக, பளபளப்பாக மணல்மேல் உட்கார்ந்திருக்கும். பத்து விநாடி ஆனாலும் இறங்காது. அசைத்தால் தூசியைப் பூசிக்கொண்டு உருளும். செடிகொடிகள் மட்கும்போது வரும் மெழுகுப்பொருள் மணற்பரல்களின் மேல் படிவதால் வரும் வினை இது. யூகலிப்டஸ் இலைகளில் அந்த மெழுகு அதிகம். இப்படிப்பட்ட மணலில் 1,000 லிட்டர் பாய்ச்சினாலும் தண்ணீர் சில விரிசல்கள் வழியே ஓடிவிடும். அதைச் சுற்றிலும் மண் பொடியாகக் கிடக்கும். திட்டுத்திட்டாகப் புல் காய்வதைப் பார்த்து, பூச்சி அடித்திருக்கிறது என்றோ உரம் போதவில்லை என்றோ நினைப்பவர்கள் பலர். வேண்டியது அங்கே மண் ஈரமாக்கி. சோப்பின் குணமுள்ள பொருள், தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து மெழுகைத் தாண்டி உள்ளே விடுகிறது. கோடை தொடங்கும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை போதும். நிலைத்த தீர்வு வேண்டுமானால் களிமண் தூளும் மட்கிய உரமும் சேர்க்க வேண்டும்.

இனி களை. தண்ணீர்க் கட்டுப்பாட்டில் களை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பெர்த்தின் காலக்கணக்கு தெளிவான விடை தருகிறது. கோடையில் தண்ணீர் பற்றாமல் புல் அங்கங்கே சன்னமாகிறது. மே மாதம் மழை தொடங்கும்போது குளிர் வந்து, சி-4 புல் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. அப்போது முளைப்பவை சி-3 களைகள்: தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கேப்வீட், விண்டர் கிராஸ், ஜோஜோ. அவற்றுக்குத் தண்ணீரும் இருக்கிறது, குளிரும் பிடிக்கிறது, போட்டியும் இல்லை. ஜனவரியில் விழுந்த ஓட்டையில் ஜூனில் களை நிற்கிறது.

ஓட்டை ஏன் அவ்வளவு முக்கியம்? சிறிய விதையுள்ள பல களைகள் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். 1952-இல் அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதைகளில் இதைக் காட்டினார்கள். சிவப்பு ஒளி விதையை எழுப்பியது. கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளி மறுபடி உறங்க வைத்தது. மாறிமாறிக் காட்டியபோது கடைசியில் காட்டியது எதுவோ அதன்படியே விதை நடந்தது. பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பை விட்டுவிடும். அடர்ந்த புல்லுக்கு அடியில் கிடக்கும் விதைக்குக் கிடைப்பது அந்த மிச்ச ஒளிதான். மேலே இடமில்லை என்று அது அறிந்து காத்திருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டினால் ஒரே காலையில் அந்தத் தகவல் மாறிவிடும். கிக்குயுவையும் பஃபலோவையும் கோடை முழுக்க நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் வெட்டுவதும், ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பதும் எந்த மருந்தையும்விட அதிகக் களையைத் தடுக்கும். உயரமான புல்லுக்கு வேரும் ஆழம்.

ஜோஜோவைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். கிழக்கே இதைப் பிண்டி-ஐ என்பார்கள். ஜூலை மாதம் மழை விட்ட காலையில் குனிந்து தேடினால், ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு, மண்ணோடு ஒட்டிய சிறு வட்டமாக, நுணுக்கமாகப் பிளந்த இலைகளோடு கிடக்கும். மென்மையானது, விரலால் கிள்ளலாம். ஆகஸ்டில் நடுவில் பச்சை மொட்டு வரும். செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொரு விதையும் நுனியில் ஒரு ஊசியோடு முற்றும். வெறுங்காலில் ஓடிவரும் குழந்தை அழும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் களை ஞாபகம் வரும். அன்று மருந்து அடித்துப் பயனில்லை. செடி தானாகவே சாகப் போகிறது, விதை முற்றிவிட்டது, செத்த செடியிலும் முள் இருக்கும். ஜூன் கடைசி, ஜூலையில் அடித்திருக்க வேண்டும்.

தெளிப்பானுக்குத் தடை உள்ள அதே மூன்று மாதங்கள்தான் களைமருந்துக்கு உகந்த மாதங்கள். எம்.சி.பி.ஏ., டைகாம்பா போன்றவை தாவரத்தின் வளர்ச்சி ஹார்மோனைப் போலி செய்பவை. செடி சுறுசுறுப்பாக வளரும்போதுதான் அவை இலையிலிருந்து வேர்வரை போகும். கோடையில் வாடி நிற்கும் களை இலைத்துளையை மூடி, மேல்தோலின் மெழுகைத் தடிப்பாக்கி, உள்ளே சாறோட்டத்தையும் குறைத்துவிடுகிறது. அப்போது அடித்தால் இலைநுனி கருகும், செடி பிழைக்கும், பக்கத்தில் தவிக்கும் புல்தான் அடிபடும். குளிர்காலத்தில் மழையே செடியை வளர்த்து வைத்திருக்கிறது. குழாயிலிருந்து ஒரு சொட்டும் வேண்டாம். பஃபலோ வைத்திருப்பவர்கள் டைகாம்பா கலந்த புட்டியைத் தொடாதீர்கள், புல்லே கருகும், புரோமாக்சினில், எம்.சி.பி.ஏ. கலவை அதற்குப் பொருந்தும். நூறு செடிக்கும் குறைவு என்றால் மருந்தே தேவையில்லை. மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது ஒரு பழைய கத்தியால் வேரோடு கெல்லிவிடலாம்.

கோடைக் களைகள் வேறு இனம். சம்மர் கிராஸ், நெருஞ்சி, பருப்புக்கீரை, கோரை எல்லாமே புல்லைப் போலவே சி-4. வறட்சியை அவையும் தாங்கும். இவற்றில் கோரைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். 1977-இல் லெராய் ஹோமும் அவர் குழுவினரும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி எழுதிய நூலில் கோரைக்கு முதலிடம். இரண்டாமிடம் அருகம்புல்லுக்கு! புல்வெளியில் கோரை வந்துவிட்டால், உலகின் முதலிரண்டு களைகளும் ஒரே பாத்தியில் மோதுகின்றன என்று பொருள். கோரையின் கிழங்குகள் மண்ணடியில் நூல்தண்டுகளால் கோத்துக் கிடக்கும். பிடுங்கினால் நூல் அறுந்து, உறங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு எழும். ஆனாலும் இலை நான்கைந்து எட்டுவதற்குள் விடாமல் கிள்ளிக்கொண்டே வந்தால் கிழங்கின் சேமிப்பு தீரும். புதுக்கிழங்கு கட்ட நேரம் கிடைக்காது. ஒரு முழுப் பருவம் பொறுமை வேண்டும்.

துணி துவைத்த தண்ணீரை விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். விடலாம், ஆனால் கடைசி அலசல் தண்ணீரை மட்டும். சலவைப் பொடிகளில் சோடியம் உப்பு அதிகம். களிமண் நிலத்தில் சோடியம் ஏறினால் மண்ணின் கட்டமைப்பு சிதைந்து, மேல்பகுதி இறுகி நீர் இறங்காது. திரவ சோப்பில் பொதுவாக சோடியம் குறைவு.

தண்ணீரே வைக்க முடியாத வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் புல்லை விரிப்பதை நான் ஏற்கவில்லை. வெயிலில் அது வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அடியில் மண் செத்துப்போகும். பரப்பைக் குறைப்பதே நேர்மையான வழி. உங்கள் வீட்டில் யாருமே கால் வைக்காத புல் எது என்று பாருங்கள்: பக்கவாட்டுச் சந்து, சாலையோரத் துண்டு, மரத்தடி. அந்த 40 சதுர மீட்டரை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் 400 லிட்டர் மிச்சம். களை வரும் முதல் இடங்களும் அவைதாம். ஏப்ரலில், மழைக்கு முன், மரத்தடிப் புல்லைச் சீவியெடுத்து ஏழு சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சீவலைப் பரப்புங்கள். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் பட்டை அழுகும்.